"நாய்தானே, விடு!" என்று சொல்லலாமா?



இந்த முறை நமது பாடம் ஒரு நாயைப் பற்றியது. சம்பளம், சேமலாப நிதி, பிள்ளைகளின் படிப்பு என்று எத்தனையோ விசயம் இருக்க, இவருக்கு எழுத நாய்தான் கிடைத்ததா என்று சிலர் சிரிக்கலாம். நானும் அப்படிச் சிரித்தவன்தான். அது தப்பு என்று பிறகு விளங்கியது. என் தப்பையும் சேர்த்தே எழுதுகிறேன். வாசித்துவிட்டு வீட்டில் பேசிப் பாருங்கள்.

நடந்த விசயம்

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். அவர்களுடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயரும் தோட்டமும் வேண்டாம்.

தகப்பனும் தாயும் தோட்டத்தில் வேலை. மூத்த மகனுக்குப் பத்தொன்பது வயது. சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு, கொழும்பு கொச்சிக்கடையில் ஒரு பலசரக்குக் கடைக்கு வேலைக்குப் போனான். சின்னவள் நாலாம் தரம் படிக்கிறாள். வீட்டில் வெள்ளையன் என்று ஒரு நாய். மூத்தவன் பத்து வயதில், ரோட்டோரக் கானில் மழையில் நனைந்து கிடந்த குட்டியைச் சட்டைக்குள் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தான். அந்தக் குட்டிதான் வெள்ளையன். பள்ளிக்கூடம் விடும் நேரம் தெரிந்து லயத்து முடக்கில் வந்து காத்து நிற்குமாம்.

கொழும்புக்குப் போன பிறகும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் எடுப்பான். பேசி முடிக்கும்போது, "வெள்ளையன் எங்கம்மா? அவன்கிட்ட போனைக் குடு" என்பான். போனை நாயின் காதருகே பிடிப்பார்கள். அது குரலைக் கேட்டு முனகும்.

போன வருசம் ஆடி மாதம் வெள்ளையன் செத்துப்போனது. வீட்டுக்குப் பின்னாலுள்ள மரக்கறிப் பாத்தியைக் காட்டுப்பன்றி கிளறுகிறது என்று தகப்பன் சுருக்குக்கம்பி கட்டியிருந்தார். பன்றி மாட்டவில்லை. வெள்ளையன் மாட்டியது. விடியற்காலையில் போய்ப் பார்த்தபோது உயிர் இல்லை. அவர் அதை ஒரு சாக்கில் சுற்றி, ஆற்றுப் பக்கம் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, ஒன்றும் நடக்காதது போல பிரட்டுக்குப் போய்விட்டார். வீட்டில், "பெரியவனுக்கு ஒருத்தரும் சொல்லக்கூடாது. வேலையை விட்டுட்டு வந்து நிப்பான்" என்று சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு மூன்று மாதம், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு பொய். "வெளியே போயிருக்கான்." "தூங்குறான்." "பக்கத்து லயத்துக்கு ஓடிட்டான்." ஒன்பது வயதுச் சின்னவளும் இந்தப் பொய்யைச் சொல்ல வேண்டியிருந்தது.

தீபாவளிக்கு மகன் வந்தான். அம்மாவுக்குச் சேலை, அப்பாவுக்குச் சாரம், தங்கச்சிக்குச் சட்டை. வெள்ளையனுக்கு, மணி வைத்த ஒரு கழுத்துப்பட்டி. கொச்சிக்கடைத் தெருக்கடையில் வாங்கியது. பஸ்ஸிலிருந்து இறங்கி லயத்து முடக்கில் நின்று விசில் அடித்தான். நாய் வரவில்லை. சின்னவள்தான் ஓடிவந்து, "அண்ணா, வெள்ளையன் செத்துப்போச்சுண்ணா" என்று கத்தி அழுதாள்.

மகன் பண்டிகைச் சாப்பாட்டைத் தொடவில்லை. மறுநாள் முதல் பஸ்ஸில் கொழும்புக்குப் போய்விட்டான். பிறகு போனும் இல்லை.

நான் செய்த தப்பு

ஒரு மாதம் கழித்து அந்தத் தாய் என்னிடம் வந்தார். "ஐயா, ஒரு நாய்க்காக எம்புள்ள எங்களோட பேச மாட்டேங்குறான்" என்று அழுதார்.

நான் சிரித்துக்கொண்டே, "நாய்தானேம்மா! இன்னொரு குட்டி வாங்கி வைங்க, எல்லாம் சரியாகிரும்" என்று சொல்லி அனுப்பினேன்.

அவர்களும் ஒரு குட்டியைக் கொண்டுவந்து, படம் எடுத்து மகனுக்கு அனுப்பினார்கள். "இதை எனக்குக் காட்டாதீங்க" என்று மட்டும் பதில் வந்தது. என் புத்திமதியால் நிலைமை இன்னும் மோசமாகிவிட்டது.

கொச்சிக்கடையில்

மார்கழியில் ஒரு வேலையாகக் கொழும்புக்குப் போனேன். அன்று செவ்வாய்க்கிழமை. கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் செவ்வாய்க்கிழமை எவ்வளவு கூட்டம் இருக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். கத்தோலிக்கர் மட்டுமல்ல, இந்துக்களும் பௌத்தர்களும் மெழுகுதிரியோடு வந்து நிற்பார்கள். கடையில் விசாரித்தபோது, தம்பி சாப்பாட்டு நேரத்தில் கோவில் பக்கம் போயிருக்கிறான் என்றார்கள். போய்த் தேடிப்பிடித்தேன். கையில் மெழுகுதிரி இருந்தது, ஆனால் ஏற்றவில்லை. இருவரும் வெளியே வந்து ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்தோம்.

நான் அதிகம் பேசவில்லை. "வெள்ளையனைப் பத்திச் சொல்லு தம்பி" என்று மட்டும் கேட்டேன். அவன் அரை மணி நேரம் சொன்னான். பிறகு சொன்னது இது:

"சேர், இது குண்டு வெடிச்ச கோவில். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி இங்க எத்தனை பேர் செத்தாங்க. பிள்ளையைப் பறிகுடுத்தவங்க வந்து அழுற இடத்துல, நான் ஒரு நாய்க்காக எப்படி மெழுகுதிரி ஏத்துறது? யாராச்சும் கேட்டா என்ன சொல்றது? கடையிலயும் சொல்ல முடியாது, சிரிப்பாங்க. வீட்டுக்குச் சொல்லி அழலாம்னா, வீடே என்னை ஏமாத்திருச்சு. செத்தது ஒரு பக்கம் இருக்கட்டும் சேர். மூணு மாசம் நான் போன்ல அதோட பேரைச் சொல்லிக் கேட்டேன். அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவனுக்கு இரண்டு காயம். ஒன்று நாய் போனது. மற்றது, அழ இடமில்லாமல் போனது. இரண்டாவதை உண்டாக்கியது நாம். அதில் எனக்கும் பங்கு உண்டு.

பெரிய துக்கம் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதற்காகச் சின்னத் துக்கம் பொய்யாகிவிடாது. பக்கத்து வீட்டுக்காரருக்குக் கால் முறிந்திருக்கிறது என்பதால் நம் விரலில் வெட்டிய காயம் வலிக்காமல் இருக்குமா? அவருக்குப் பெரிய கட்டு, நமக்குச் சின்னக் கட்டு. கட்டுப் போடத்தான் வேண்டும்.

பாடம் 1: இது உண்மையான துக்கம்

கென்னத் டோக்கா என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1989இல் இதைப்பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். மனிதர் இறந்தால் ஊர் கூடுகிறது, லீவு கிடைக்கிறது, பக்கத்து வீட்டார் சோறு கொண்டுவருகிறார்கள். ஆனால் சில இழப்புகளை ஊர் ஒரு இழப்பாகவே கணக்கெடுப்பதில்லை. அப்படிப்பட்ட துக்கம் வெளியே வர முடியாமல் உள்ளேயே தங்கிவிடுகிறது என்பது அவருடைய கருத்து. வளர்த்த பிராணியின் சாவும் அந்த வகைதான்.

மிருகத்துக்காக அழுவது புதுப்பழக்கம் என்று நினைக்க வேண்டாம். நம் நாட்டிலேயே பாருங்கள். கண்டிப் பெரஹராவில் புனித தந்த தாதுப் பேழையைச் சுமந்த ராஜா என்ற யானை 1988 ஜூலை 16இல் இறந்தது. மட்டக்களப்பு ஏறாவூர்க் காட்டில் பிடிபட்ட யானை அது. அதன் உடலைப் பதப்படுத்தி, தலதா மாளிகைக்குப் பக்கத்தில் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். கண்டிக்குப் போன பலர் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பிறகு பேழையைச் சுமந்த நெதுங்கமுவ ராஜா 2022 மார்ச் 7இல் இறந்தபோது, சனங்கள் திரண்டு போய்த் தந்தத்தைத் தொட்டுக் கும்பிட்டு அழுதார்கள். அதே வருசம் நவம்பர் 30இல், புதுச்சேரி மணக்குள விநாயகர் கோவில் யானை லட்சுமி காலை நடைக்குப் போன இடத்தில் தெருவிலேயே விழுந்து இறந்தது. ஊரே மலர் கொண்டுவந்தது. ஊர்வலமாகக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள்.

யானை கோவிலுக்கு உரியது, நாய் அப்படியா என்று கேட்பீர்கள். நம் முன்னோர் பலர் வந்த பழைய வட ஆற்காட்டுப் பக்கம், இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தில், எடுத்தனூர் என்று ஒரு ஊர். அங்கே பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. எருமைகளைக் காக்கப் போராடி இறந்த கருந்தேவகத்தி என்ற வீரனுக்கு வைத்த கல். வீரனுக்குப் பக்கத்தில் அவனுடைய நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் கல்லில் எழுதியிருக்கிறது. கர்நாடகத்தில் ஆதகூர் என்ற ஊரில், காட்டுப்பன்றியோடு சண்டையிட்டுச் செத்த காளி என்ற நாய்க்கு 10ஆம் நூற்றாண்டில் கல் நட்டார்கள். அந்தக் கல் இன்று பெங்களூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஆயிரம் வருசத்துக்கு முன்பே நாயின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்தவர்கள் இருந்திருக்கிறார்கள். நாம் மட்டும் "நாய்தானே" என்கிறோம்.

பாடம் 2: ஏன் இவ்வளவு வலிக்கிறது?

வீட்டுப் பிராணி நம் அன்றாட வேலையோடு கலந்துவிடுகிறது. காலையில் கதவைத் திறந்தால் காலடியில் நிற்கும். மலையிலிருந்து கூடையோடு இறங்கும்போது எதிரே ஓடிவரும். சோறு போடும்போது கை தானாக ஒரு பிடி ஒதுக்கும். அது இல்லாதபோது, ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அந்த வெறுமை முட்டும். பிள்ளைகள் கொழும்புக்குப் போய், துணையும் இல்லாமல் தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு ஒரு பூனைதான் பேச்சுத் துணை. அந்தப் பூனை போனால் அவர்களுக்கு வீடே காலி.

பால்மாடு செத்தால் துக்கத்தோடு வருமானமும் போகிறது. பார்க்க வருகிறவர்கள் "மாடு என்ன விலை போகும்?" என்று மட்டும் கேட்பார்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பால் கறந்த கை அது என்பதை நினைக்க மாட்டார்கள். மாட்டுப்பொங்கலுக்குப் பொட்டு வைத்து மாலை போடுகிற நாம், அந்த மாடு சாகும்போது விலையை மட்டும் பேசலாமா?

அழுகை வருவது, சாப்பாடு இறங்காதது, தூக்கம் வராதது, செத்த நாயின் சத்தம் கேட்பது போல இருப்பது எல்லாம் துக்கத்தில் சகஜம். பைத்தியம் இல்லை. நாள் போகப் போகக் குறையும்.

பாடம் 3: நாம் செய்ய வேண்டியது

1. உண்மையைச் சொல்லுங்கள். தூரத்தில் வேலை செய்யும் பிள்ளைக்கும் அன்றே சொல்லுங்கள். "வேலையை விட்டுட்டு வருவான்" என்று பயப்படாதீர்கள். போனில் சேர்ந்து அழுதால் பாதிப் பாரம் இறங்கும். பிறகு தெரியவரும்போது, செத்ததைவிட மறைத்ததுதான் அதிகம் வலிக்கும்.

2. சின்னப் பிள்ளைகளிடம் "தூங்குது", "ஊருக்குப் போயிருச்சு", "ஓடிப்போச்சு" என்று சொல்லாதீர்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு, செத்தது திரும்பி வராது என்பது சரியாக விளங்காது. தூங்குது என்றால் இரவில் தூங்கப் பயப்படும். ஓடிப்போச்சு என்றால் தேடிக்கொண்டு தேயிலைக்குள் போகும். சிறுத்தை நடமாடும் மலைகளில் அது எவ்வளவு ஆபத்து என்று உங்களுக்குத் தெரியும். "செத்துப்போச்சு. இனி வராது. அதுக்கு இனி வலிக்காது. நம்ம எல்லாருக்கும் கவலையாத்தான் இருக்கு" என்று சுருக்கமாகச் சொல்லுங்கள். திரும்பத் திரும்பக் கேட்டால் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

3. முறையாக விடை கொடுங்கள். வளர்த்ததைக் கானிலோ ஆற்றிலோ எறியாதீர்கள். தண்ணீரும் கெடும், மனமும் கெடும். வீட்டார் எல்லாரும் நின்று, ஒரு பூ வைத்து, மண் போட்டு மூடுங்கள். அவரவர் சமயப்படி ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

4. பேச விடுங்கள். "அது என்ன செய்யும், எப்படி வந்துச்சு" என்று கேளுங்கள். புத்தி சொல்ல வேண்டாம். ஆம்பிளைப் பிள்ளை அழுதால் கேலி பண்ண வேண்டாம்.

5. உடனே இன்னொரு குட்டி கொண்டுவராதீர்கள். துக்கப்படுகிறவர் தானாகக் கேட்கட்டும். வரும் குட்டிக்குப் பழைய பெயரை வைக்காதீர்கள். அது வேறு உயிர்.

அடக்கம் செய்யுமுன் ஒரு எச்சரிக்கை

நாயோ பூனையோ செத்த காரணம் தெரியாவிட்டால் கவனம் வேண்டும். சாவதற்கு முன் குணம் மாறி, காரணமில்லாமல் கடித்து, எச்சில் ஒழுகி, தள்ளாடி நடந்திருந்தால் அது விசர்நோயாக இருக்கலாம். அன்பு மிகுதியால் கட்டிப்பிடித்து அழக்கூடாது. வெறுங்கையால் தொடாதீர்கள். பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள். தேவையானால் பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் பரிசோதிக்க ஒழுங்கு செய்வார்.

யாருக்காவது கடியோ கீறலோ பட்டிருந்தால், ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சள் பூசிக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். விசர்நோய் வெளிப்பட்டுவிட்டால் உயிரைக் காப்பாற்றுவது அநேகமாக முடியாத காரியம். அதற்குமுன் ஊசி போட்டால் தடுக்கலாம். உயிரோடிருக்கும் நாய்க்கு வருசா வருசம் தடுப்பூசி போடுங்கள்.

நோய் சந்தேகம் இல்லாவிட்டால், பீலிக்கும் கிணற்றுக்கும் தள்ளி, மூன்று அடியாவது ஆழமாகக் குழி தோண்டி அடக்கம் செய்யுங்கள். தேயிலை மலையில் தோண்டுவதானால் முதலில் தோட்ட நிர்வாகத்திடம் கேளுங்கள்.

குற்ற உணர்வு என்ற பாரம்

கொழும்பிலிருந்து வந்து அந்தத் தகப்பனைப் பார்க்கப் போனேன். நெடுநேரம் அவர் வாய் திறக்கவில்லை. பிறகு, "மூத்தவன் வேலையை விடுவான்னு சொன்னது சும்மா ஐயா. நான் கட்டுன கம்பியிலதான் செத்துச்சுன்னு எப்படிச் சொல்றது? அது என் காலடியிலயே கிடந்த நாய்" என்றார். சொல்லும்போதே அழுதார். மூன்று மாதமும் வீட்டிலேயே அதிகம் துக்கப்பட்டவர் அவராகத்தான் இருக்க வேண்டும்.

"அன்னிக்குக் கட்டிப் போட்டிருந்தா", "முந்தியே டாக்டர்கிட்ட கொண்டு போயிருந்தா" என்று எல்லாருக்கும் ஒரு "இருந்தா" இருக்கும். அதை மறைத்தால் வளரும். நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள். பிறகு, அந்தத் தப்பு இன்னொரு முறை நடக்காமல் ஏதாவது செய்யுங்கள். அவர் மலையைச் சுற்றித் தான் கட்டிய கம்பி எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டார்.

நாமும் யோசிக்க வேண்டும். சுருக்குக்கம்பிக்குப் பன்றி எது, நாய் எது, பிள்ளையின் கால் எது என்று தெரியாது. 2020 மே மாதம் நல்லதண்ணி லக்ஷபான தோட்டத்தில் அபூர்வமான ஒரு கருஞ்சிறுத்தை இப்படித்தான் கம்பியில் சிக்கியது. சிகிச்சைக்கு உடவளவைக்குக் கொண்டுபோயும் சில நாளில் இறந்துவிட்டது. காட்டு மிருகங்களுக்குச் சுருக்கு வைப்பது சட்டப்படியும் குற்றம்.

எப்போது உதவி தேட வேண்டும்?

பல வாரமாகியும் ஒருவர் சாப்பிடாமல், தூங்காமல், வேலைக்கோ பள்ளிக்கோ போகாமல் இருந்தால், அல்லது "நானும் போயிடுறேன்" என்ற மாதிரிப் பேசினால் சும்மா விடாதீர்கள். தோட்ட வைத்திய உதவியாளரிடமோ குடும்பநல உத்தியோகத்தரிடமோ சொல்லுங்கள். தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்துக்கும் பேசலாம். பல நேரம் நாயின் சாவு, முன்பு அழாமல் விட்ட வேறு ஒரு சாவையும் கிளப்பிவிடும். அதனால், "ஒரு நாய்க்காகவா இவ்வளவு?" என்று கேட்காமல் முதலில் காது கொடுங்கள்.

கடைசியாக

தகப்பனே மகனுக்குப் போன் எடுத்தார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. தைப்பொங்கலுக்கு மகன் வந்தான். மாட்டுப்பொங்கல் அன்று வீட்டுக்குப் பின்னால், கம்பி கட்டியிருந்த இடத்துக்குப் பக்கத்தில், தகப்பன் குழி தோண்டினார். வெள்ளையனின் உடல் இல்லை. மகன் அந்தக் கழுத்துப்பட்டியை வைத்தான். சின்னவள் பூப் போட்டாள். மேலே ஒரு கொய்யாக் கன்று நட்டார்கள். புதிய குட்டி அந்த மண்ணைக் கிளறப் போனபோது மகனே அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டான். சின்னவள் அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. அண்ணன்தான் வைக்க வேண்டுமாம்.

மாதர் சங்கக் கூட்டத்திலும் வீட்டிலும் பேச:

1. உங்கள் வீட்டில் செத்துப்போன பிராணியைப் பற்றிப் பிள்ளைகளுக்கு என்ன சொன்னீர்கள்? அது உண்மையா?

2. கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகளிடம் நீங்கள் மறைத்து வைத்திருக்கும் செய்தி ஏதாவது உண்டா? எப்போது சொல்லப் போகிறீர்கள்?

3. உங்கள் லயத்தைச் சுற்றி எங்கெங்கே கம்பி கட்டியிருக்கிறது? யார் அவிழ்க்கப் போகிறீர்கள்?

அன்புடன்,
உங்கள் நலன்புரி உத்தியோகத்தர்